பிரசவ அறையில் நிற்கும் அந்தச் சின்னப் பெண்

பொங்கலுக்கு என் தம்பி மகள் வந்திருந்தாள். மதுரைப் பக்கம் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. நர்ஸிங் கடைசி வருஷம் படிக்கிறாள். வந்த மறுநாள் காலை நான் சமையலறையில் நெய்யில் மிளகு பொரித்துக்கொண்டிருக்கிறேன், ஹாலிலிருந்து ஒரே அமர்க்களம். என்னவோ ஏதோ என்று கரண்டியும் கையுமாக ஓடி வந்து பார்த்தால், இவள் என் பழைய நூல் புடவை ஒன்றைச் சுருட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு, அதற்குள் எதிர் வீட்டுக் குழந்தையின் ரப்பர் பொம்மையைத் திணித்துக்கொண்டு, சோபாவில் சாய்ந்தபடி "ஐயோ அம்மா, வலிக்குதே! யாராச்சும் வாங்களேன்!" என்று கத்துகிறாள். எதிரே என் மகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பவள். கையில் கண்ணாடி வளையல்கள் கலகலக்கின்றன.

"என்னடி கூத்து இது?" என்றேன்.

"கூத்து இல்லை அத்தை, பிராக்டிகல்! எங்க மேடம் இப்படித்தான் வயித்துல பொம்மையைக் கட்டிக்கிட்டு வந்து கட்டில்ல படுப்பாங்க. நாங்க பிரசவம் பார்க்கணும். மேடம் கத்துவாங்க, எங்க கையைத் தட்டிவிடுவாங்க. சில சமயம் திடீர்னு மயக்கம் வந்த மாதிரி கண்ணை மூடிக்குவாங்க. பார்த்தா கட்டிலுக்குக் கீழே செகப்புத் தண்ணியாக் கொட்டிட்டிருக்கும். எங்களுக்குக் கை காலெல்லாம் உதறும்!"

என் மகளின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அன்று ராத்திரி பால் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏம்மா, எனக்கு வலி எடுக்கறப்ப பக்கத்துல நிக்கப்போறது இவளை மாதிரிப் பொண்ணுங்கதானே? பொம்மையை வெச்சுக் கத்துக்கிட்டவங்க கையில என்னை விட்டுட்டு நீ நிம்மதியா இருப்பியா?"

சகோதரிகளே, நான் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸிங் மாணவிகளுக்குப் பிரசவப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றவள். அப்படிப்பட்ட எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. பெற்ற மகள் கேட்கும்போது டியூட்டர் பதில் சொல்ல முடியுமா? அவளுக்கு அப்புறம் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது முழுகாமல் இருக்கலாம். அல்லது உங்கள் பெண்ணே நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று அடம் பிடிக்கலாம்.

வாய்ப்பாடு தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை

நான் மிட்வைஃபரி படித்தது 1981-ல். எங்கள் டியூட்டர் கண்டிப்பானவர். கரும்பலகையில் படம் போட்டுவிட்டு நோட்ஸ் சொல்லுவார், நாங்கள் தலை நிமிராமல் எழுதுவோம். குழந்தையின் தலை எப்படி இடுப்புக்குள் இறங்குகிறது, எப்படிக் குனிகிறது, உள்ளே எப்படித் திரும்புகிறது, எப்படி வெளியே வந்து மறுபடி திரும்புகிறது என்று வரிசையாக இருக்கும். மெஸ்ஸில் இட்லி தின்னும்போதுகூட "டிஸன்ட், ஃப்ளெக்ஷன், இன்டர்னல் ரொட்டேஷன்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். கண்ணால் பார்க்க என்று ஒரு இடுப்பெலும்பும், ரெக்ஸின் துணியில் தைத்த ஒரு பொம்மையும் இருந்தன. வகுப்பு முழுவதற்கும் அது ஒன்றுதான். டியூட்டர் செய்து காட்டுவார், முன் பெஞ்சுக்காரிகளுக்குத் தெரியும். பின்னால் நின்ற எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

அப்புறம் நேரே லேபர் வார்டு. இருபது பிரசவம் பார்த்துக் கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அங்கே பாடம் என்பது, "தள்ளி நில்லு", "அதைத் தொடாதே", "இதுகூடத் தெரியாதா?" இவ்வளவுதான். ஸ்டாஃப் நர்ஸ்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு வலி எடுத்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்!

நான் பார்த்த பிரசவங்களில் நாலாவதோ ஐந்தாவதோ. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சும் விழுந்தது. ஸ்டாஃப் நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் குழந்தையைத் துடைத்து, எடை பார்த்து, பட்டை கட்டி, பெருமையாகக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கட்டிலில் இருந்த அம்மாள், "பாப்பா, கொஞ்சம் தண்ணி குடேன். தலை சுத்துது" என்றார். "கொஞ்சம் இரும்மா, குழந்தையைப் பார்த்துட்டு வரேன்" என்றேன். ரெண்டாவது தடவையும் கேட்டார். அதே பதில். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

போர்வையைத் தூக்கிப் பார்த்தது வார்டு ஆயாதான். பார்த்ததும் அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. மெத்தை முழுக்க ரத்தம். ஸ்டாஃப் நர்ஸ் பாய்ந்து வந்து அடிவயிற்றைப் பிடித்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். ஊசி, ட்ரிப், ரத்த பாட்டில், டாக்டரம்மா என்று எல்லாம் வந்தது. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார்.

இதில் வேடிக்கையைக் கேளுங்கள். அதற்கு முந்தின வாரம் நடந்த பரீட்சையில் பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு பற்றித்தான் கேள்வி. கருப்பை சுருங்காமல் தளர்ந்திருப்பது, எங்காவது கிழிந்திருப்பது, நஞ்சின் துண்டு உள்ளே தங்கியிருப்பது, ரத்தம் உறையாமல் போவது என்று காரணங்களை ஒன்றுவிடாமல் எழுதி வகுப்பில் முதல் மார்க் வாங்கியிருந்தேன். தலை சுற்றுகிறது, தாகம் எடுக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் முதலில் போர்வையைத் தூக்கு என்பது மட்டும் என் கைக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெளுத்த உதடுகளோடு அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீதானே பாப்பா என் குழந்தையைத் துடைச்சே? நல்லாயிரு" என்றார்.

துணியால் செய்த தாய்

"பொம்மையெல்லாம் இந்தக் காலத்து ஃபாஷன்" என்று என் மகள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இந்தப் பொம்மைக்கு இருநூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது!

பிரெஞ்சு தேசத்தில் மேடம் டு கூட்ரே என்று ஒரு மருத்துவச்சி இருந்தார். கிராமங்களில் தெரியாத கைகளால் பிரசவம் பார்க்கப்பட்டுத் தாயும் பிள்ளையும் வீணாகப் போகிறார்களே என்று, 1759-ல் மன்னர் பதினைந்தாம் லூயி இவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். இவரிடம் வந்த கிராமத்துப் பெண்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துணியும் தோலும் பஞ்சும் கொண்டு பெண்ணின் இடுப்பை ஆள் அளவில் தைத்தார். அதற்குள் துணிக் குழந்தை. ஒரு மாணவி தப்பாக இழுத்தால் அங்கேயே பிடித்துத் திருத்துவார். பொம்மைதானே, உயிர் போய்விடாது. சுமார் கால் நூற்றாண்டு இப்படி ஊர் சுற்றிச் சில ஆயிரம் பேருக்குக் கற்றுக் கொடுத்தார். அந்தப் பொம்மைகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது.

நம் ஊர் மருத்துவச்சிகள் பொம்மை பார்த்ததில்லை. மாமியாருக்குப் பின்னால் மருமகள் விளக்குப் பிடித்துக்கொண்டு போவாள், பத்து வருஷம் பார்த்துப் பார்த்துக் கை பழகும். அந்தக் கைகளுக்கு இருந்த நிதானத்தை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். கை கழுவுவதும், எந்த நிமிஷத்தில் "இது என்னால் ஆகாது, வண்டி கட்டு" என்று சொல்ல வேண்டும் என்பதும்தான் பலருக்கு யாரும் சொல்லித் தராத பாடங்களாகப் போயின.

வளையலும் கேசரிப் பவுடரும்

நான் டியூட்டர் ஆனபோது முதல் சில வருஷம், என் டியூட்டர் எனக்குச் செய்ததையே நானும் செய்தேன். நோட்ஸ், கரும்பலகை, ஒரு தடவை செய்து காட்டுதல். மார்க்கெல்லாம் நன்றாகத்தான் வந்தது. வார்டில் போய் நின்றால் என் பெண்களும் என்னைப் போலவே குழந்தையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எங்கள் காலேஜில் பணம் கிடையாது. இருந்ததை வைத்துத்தான்.

கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இரண்டு விரலால் தொட்டுத்தான் சொல்ல வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. புத்தகத்தில் 4 செ.மீ., 6 செ.மீ., 10 செ.மீ. என்று வட்டம் போட்டிருக்கும். அதைப் பார்த்து விரல் எப்படிக் கற்றுக்கொள்ளும்? நான் வளையல் கடைக்குப் போனேன். சின்னக் குழந்தைக்குப் போடும் ஒன்று-பத்து வளையல் ஏறக்குறைய 4 செ.மீ. நம்மில் பலர் போடும் இரண்டு-நாலு, கிட்டத்தட்ட 6 செ.மீ. முழுதாகத் திறந்த 10 செ.மீ.க்கு வளையல் கிடையாது, அதற்கு ஒரு எவர்சில்வர் டப்பாவின் வாய். இவற்றைத் துணிப் பைக்குள் போட்டு, கண்ணைக் கட்டிவிட்டு, "விரலை விட்டு அளவு சொல்லு" என்பேன். முதல் நாள் எல்லாரும் தப்பு. ஒரு வாரத்தில் முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். வார்டில் உண்மையான தாயை ஐந்து பேர் மாற்றி மாற்றித் தொட்டுப் பழகும் கொடுமை இதனால் குறைந்தது. அதற்காகவே அந்த வளையல்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ரத்தத்தைக் கண்ணால் அளப்பதற்கு இன்னொரு வழி. கேசரிப் பவுடர் கலந்த தண்ணீர். ஒரு டம்ளர், இரண்டரை டம்ளர், ஐந்து டம்ளர் என்று தனித்தனியாக அளந்து பழம் புடவையிலும் பஞ்சிலும் தரையிலும் கொட்டி வைத்துவிட்டு மாணவிகளைக் கூப்பிடுவேன். பிரசவத்துக்குப் பின் 500 மி.லி., அதாவது நம் வீட்டு டம்ளரில் இரண்டரை டம்ளர் போனாலே ஆபத்து என்று கணக்கு. ஐந்து டம்ளர் கொட்டின மெத்தையைப் பார்த்து, "ஒரு ரெண்டு டம்ளர் இருக்கும் மேடம்" என்பார்கள். நிறையப் போகும்போது கண் எப்போதும் குறைத்தே சொல்லும், அனுபவசாலி டாக்டர்களுக்கும் இது நேர்வதுதான். நீங்களும் ஒரு நாள் வேண்டாத துணியில் கொட்டிப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும்.

கண்ணை நம்பாதே என்பதை இப்போது உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்ஸானியா ஆகிய நாலு தேசங்களில் 80 ஆஸ்பத்திரிகளில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. பிரசவித்த தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் வயிற்றைத் தேய்ப்பது, மருந்துகள், ட்ரிப், சோதனை என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள். இதையெல்லாம் செய்யப் பழகிய ஆஸ்பத்திரிகளில், மிகுந்த ரத்தப்போக்கு, அதற்கான ஆபரேஷன், மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன என்று 2023-ல் வெளியிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அந்த 1981 போர்வை ஞாபகம் வந்தது.

பொம்மைக்கு வெட்கம் கிடையாது

இன்னொன்று செய்தேன், முதலில் எல்லாருக்கும் கோபம். மாணவிகளில் ஒருத்தியை மேஜையில் படுக்க வைத்து, முழங்காலை மடக்கிப் போர்வை போர்த்தி, மற்றவர்கள் சுற்றி நின்று ஐந்து நிமிஷம் அவளைப் பற்றித் தங்களுக்குள் பேச வேண்டும். அவளோடு பேசக்கூடாது. விளையாட்டாகச் சிரித்துக்கொண்டு படுத்த ஒரு பெண், எழுந்திருக்கும்போது அழுதுவிட்டாள். "யாருமே என் முகத்தைப் பார்க்கலை மேடம்" என்றாள். அந்த வருஷ மாணவிகள் வார்டுக்குப் போனதும் முதலில் தாயின் தலைமாட்டுக்குத்தான் போனார்கள். முப்பது லெக்சரில் நான் சாதிக்காததை அந்த ஐந்து நிமிஷம் செய்தது.

என் தம்பி மகள் சொன்ன அந்த வயிற்றில் கட்டும் பொம்மைக்கு மாமா நாடலி என்று பெயர். 'மாமா' என்றால் நம் மாமா இல்லை, அம்மா! நார்வே தேசத்து லேர்டல் கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனி ஆரம்பத்தில் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்தது. 1960-ல் மூச்சு கொடுக்கப் பழகும் பொம்மையைச் செய்து இந்தத் துறைக்கு வந்தது. மாமா நாடலியை ஒரு மனுஷி கட்டிக்கொள்வதுதான் அதில் உள்ள விசேஷம். குழந்தை, கொடி, நஞ்சு, சிவப்புத் தண்ணீர் எல்லாம் பையில் இருக்கும். ஆனால் முகமும் குரலும் உயிருள்ள பெண்ணுடையது. "தண்ணி குடு, தலை சுத்துது" என்று அவள் சொல்ல முடியும். எனக்கு 1981-ல் அது கிடைத்திருந்தால்...

சரி, எல்லாம் முடிந்ததும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திட்டுவதில்லை. உட்கார்ந்து பேசுகிறார்கள். "நீ என்ன நினைச்சே? எப்ப சந்தேகம் வந்தது? அடுத்த தடவை முதல்ல என்ன செய்வே?" இந்தப் பேச்சு இல்லாவிட்டால் பொம்மை வெறும் விளையாட்டுச் சாமான்தான் என்பது என் அபிப்பிராயம்.

பரீட்சையும் மாறிவிட்டது. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் பேராசிரியர் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் ஒரு முறை சொன்னார். வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். பரீட்சகர் கையில் அச்சடித்த பட்டியல்: கை கழுவினாளா, தாயிடம் சொல்லிவிட்டுத் தொட்டாளா, பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் ஆக்ஸிடோசின் ஊசி போட்டாளா. இப்போது இங்கேயும் அப்படித்தான். எங்கள் காலத்தில், "பெயரென்னம்மா, எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு, மூடு நன்றாயிருந்தால் பாஸ்.

டான்ஸானியாவில் தெரிந்துகொண்டது

இவ்வளவையும் கேட்ட என் மகள் விடவில்லை. "பொம்மையில நல்லா செய்றாங்க, சரி. நிஜத்துல செய்வாங்களா?" என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்கலாம் இவள்.

நியாயமான கேள்விதான். டான்ஸானியாவில் ஹைடம் என்ற கிராமப்புற ஆஸ்பத்திரியில் 2010-ல், மூச்சு விடாமல் பிறக்கும் குழந்தைகளைப் பிழைக்க வைக்க ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்த முதல் ஒரு நிமிஷம்தான் தங்க நிமிஷம். அதற்குள் துடைத்து, முதுகைத் தேய்த்து, அப்படியும் அழாவிட்டால் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். பல மாதம் கழித்துப் பொம்மையில் சோதித்தபோது ஊழியர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் நிஜப் பிரசவத்தில் அவர்கள் செய்ததில் மாற்றமே இல்லை! பொம்மையில் பாஸ், குழந்தையிடம் பழைய கதை.

அதோடு விட்டிருந்தால், பணம் போயிற்று என்று முடிந்திருக்கும். அவர்கள் விடவில்லை. பொம்மையைப் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைத்து, வேலைக்கு நடுவே வாரா வாரம் சில நிமிஷம் பழகச் சொன்னார்கள். மாதம் ஒரு தடவை கொஞ்சம் நீளமான பயிற்சி. அப்போதுதான் பிறந்த ஒரு நாளுக்குள் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒரே நாளில் வயிறு முட்டச் சாப்பிட்டால் ஒரு வாரம் தாங்குமா? அதே கதைதான் இதுவும்.

நம் தேசத்திலும் ஒரு பாடம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 120 ஆஸ்பத்திரிகளை எடுத்துக்கொண்டு, பாதியில் பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, கூடவே பயிற்சியாளர்களை அனுப்பிச் சில மாதம் பக்கத்தில் நின்று வழிகாட்டினார்கள். 2017-ல் முடிவு வந்தது. பயிற்சியாளர் வந்துபோன வரை நர்ஸுகள் செய்யவேண்டியதை நன்றாகச் செய்தார்கள். அவர்கள் வருவது நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தாய் சேய் மரணம் மட்டும் குறையவே இல்லை. மருந்து, ரத்தம், டாக்டர், வண்டி எல்லாம் சேர்ந்து இருந்தால்தானே கற்றது பலிக்கும்? டியூட்டர் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இல்லாத ரத்த பாட்டிலை எங்கிருந்து கொண்டுவருவாள்?

என் மனக்குறை

எனக்கு இன்றைக்குள்ள வருத்தம் வேறு. லட்சக்கணக்கில் விலை கொடுத்து, கண் சிமிட்டும், நாடி துடிக்கும் பெரிய பொம்மையை வாங்கிவிடுகிறார்கள். இன்ஸ்பெக்ஷன் வரும் அன்று மட்டும் உறை எடுப்பார்கள். மற்ற நாளில் பூட்டின அறையில், பீரோவில் தூங்கும் கல்யாணப் பட்டுப் புடவை மாதிரி கிடக்கும். அந்தப் பணத்தில் பத்து வயிற்றுப் பொம்மை வாங்கி ராத்திரி டியூட்டி அறையில் போட்டிருந்தால் எத்தனை கைகள் பழகியிருக்கும்!

இன்னொன்று, பார்ப்பதற்குப் பிரசவமே குறைந்துகொண்டு வருகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நம் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், மிக நல்ல சேதி. ஆனால் அதில் நூற்றுக்குச் சுமார் 45 ஸிஸேரியன். மிச்சம் இருக்கும் சுகப் பிரசவத்துக்கு அத்தனை காலேஜ் மாணவிகளும் போட்டி. ஒரே பிரசவத்தை மூன்று பேர் கேஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட மறுத்தேன், அழுதார்கள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பரிதாபமாகத்தான் இருந்தது.

அதனால் பொம்மையா, வார்டா என்று என்னைக் கேட்டால், முதலில் பொம்மை, பிறகு வார்டு, பக்கத்தில் ஒரு நல்ல ஸ்டாஃப் நர்ஸ் என்பேன். இந்த மூன்றாவது ஆளுக்குத்தான் யாரும் பட்ஜெட் போடுவதில்லை. 2018-ல் மத்திய சர்க்கார் மிட்வைஃபரிக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற நர்ஸுகளை உருவாக்க வழிமுறை வெளியிட்டது. அப்படிப்பட்டவர்கள் எல்லா வார்டிலும் வந்து நின்றால் என் மனக்குறை பாதி தீரும்.

புத்தகமே மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பிரசவம் என்றால் கட்டாயம் கத்தரிக்கோல் போட வேண்டும் என்று நாங்கள் படித்தோம். வயிற்றை மேலிருந்து அமுக்குவதைத் தப்பென்றே யாரும் நினைக்கவில்லை. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் வேண்டாம் என்றது. எல்லாருக்கும் கத்தரிப்பு தேவையில்லை, தேவைப்பட்டவருக்கு மட்டும். தாய்க்கு வேண்டியவர் ஒருவர் கூடவே இருக்கலாம், தனக்கு வசதியான நிலையில் அவள் இருக்கலாம், கொடியை ஒரு நிமிஷமாவது பொறுத்துத்தான் கட்ட வேண்டும், குழந்தையை அன்றைக்கே குளிப்பாட்ட வேண்டாம். இதையெல்லாம் என் தம்பி மகள் முதல் நாளிலிருந்தே சரியாகப் படிக்கிறாள். நான் முப்பது வருஷம் படித்ததை மறக்க வேண்டியிருந்தது.

மகளுக்குச் சொன்னது

கடைசியில் மகளிடம் சொன்னேன். "மாணவி வந்து நின்னா பயப்படாதே. நீ யாரும்மா, கூட யார் இருக்காங்கன்னு கேளு. பெரிய ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்துல இருந்தா சரின்னு சொல்லு. வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லவும் உனக்கு உரிமை உண்டு. குழந்தை பிறந்தப்புறம் தலை சுத்தினா, படபடன்னு வந்தா, அடியில சூடா ஓடற மாதிரி இருந்தா, வெட்கப்படாம சத்தம் போட்டுச் சொல்லு. ஒரு தடவை சொல்லி யாரும் திரும்பலைன்னா மறுபடி சொல்லு. வீட்டுக்கு வந்தப்புறமும் ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு பெரிய பேட் முழுசா நனைஞ்சா உடனே ஆஸ்பத்திரிதான். 'தீட்டு நல்லாப் போகட்டும்'னு எந்தப் பாட்டி சொன்னாலும் கேட்காதே, நானே சொன்னாலும்!"

பங்குனியில் ஒரு விடியற்காலை அவளுக்கு வலி எடுத்தது. ஸர்க்கார் ஆஸ்பத்திரிதான். கூட ஒரு ஆள் இருக்கலாம் என்றார்கள், நான் இருந்தேன். வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டுதான் உள்ளே போனேன்.

ஸ்டாஃப் நர்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. "அக்கா, நான் மூணாவது வருஷம் படிக்கிறேன். உங்க பக்கத்துல நிக்கட்டுமா?" என்றாள். என் மகள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை மூன்று மணி நேரம் விடவே இல்லை.

பேத்தி பிறந்தாள். நல்ல குரல். நஞ்சு விழுந்தது. குழந்தையை மார்மேல் போட்டார்கள், எல்லாருடைய கண்ணும் அதன் மேல். என் கண்ணும்தான். முப்பது வருஷ டியூட்டர் பாட்டியாகிவிட்டாள்! என் மகள் வறண்ட குரலில், "கொஞ்சம் தண்ணி..." என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அந்தச் சின்னப் பெண், ஒரு கையை என் மகளின் அடிவயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே, இன்னொரு கையால் போர்வையை முழுதாகத் தூக்கினாள். குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து, "எல்லாம் சரியா இருக்குக்கா. இதோ, தண்ணி" என்று டம்ளரை எடுத்தாள்.